அவர் இருக்கும் கரையின் புழுதி

காலையில் ஐஸ் லாரி வந்து போனதும் நான் செய்கிற முதல் வேலை, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சவுதியின் கிழக்குக் கரையைப் பார்ப்பதுதான். பழவேற்காடு ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு சவுதியை எப்படியம்மா பார்ப்பாய் என்று கேட்பீர்கள். போனில்தான். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள் எடுக்கிற படங்களை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று திறந்துதான் வைத்திருக்கிறார்கள். இரண்டு விரலை விரித்தால் கரை கிட்டே வரும். குவித்தால் பூமி உருண்டையாகித் தள்ளிப் போகும்.

அந்தக் கரையில் என் வீட்டுக்காரர் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். அங்கே புழுதி கிளம்பியிருக்கிறதா, கிளம்பியிருந்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முதல் ஐஸ் பாரில் உளியை வைப்பேன்.

எங்கள் குப்பத்துப் படகுத்துறையில் எனக்கு ஐஸ் வியாபாரம். உமியில் புதைத்து வைத்த பாரை எடுத்து, உடைத்து, கூடையில் அள்ளிக் கொடுப்பேன். இறால் பிடிக்கிறவர், நண்டு விற்கிறவள், ஏலம் எடுக்க வருகிற வண்டிக்காரர் எல்லாரும் ஐஸுக்காக நின்றுதான் ஆகவேண்டும். நிற்கிறவர்கள் பேசாமல் இருப்பார்களா? பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள் நான். மீதியை அந்த ஐஸ் பெட்டிப் பக்கத்தில்தான் படித்தேன். யாராவது நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க வெற்றிலை மாதிரி வாயிலேயே வைத்திருப்பேன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண் ஒருத்தி, மார்கழிக் குளிரைப் பற்றி ஒருநாள் சொன்னாள்: "தண்ணிக்குள்ள கைய வுட்டாதான் சூடா கீதுக்கா. வெளிய எடுத்தா ஊரே ஜில்லுனு கீது." இதை நான் எத்தனை பேருக்குத் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

துறையில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போயிருக்கும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால், அடுத்த வார்த்தை மறுநாள் காலை லாரிக்காரரோடுதான். மகளை எளாவூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவளுக்கு அவள் குடும்பம். வீட்டில் நான் ஒருத்திதான். டிவியைப் போட்டுவிட்டு உட்காருவேன். அதில் இருப்பவர்கள் பேசுவார்கள், ஆனால் எனக்குப் பதில் சொல்ல மாட்டார்களே.

அவர் போன புதிதில் போன் வராத நாட்கள்தான் பெரிய பேஜாராக இருந்தன. கடலுக்குப் போனால் அங்கே டவர் கிடையாது. கரைக்கு வந்தால்தான் குரல் வரும். வருகிற நாள் தள்ளிப் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஒருதரம் அவர் அறையில் தங்கியிருந்த ஒருவர் தன் போனில் பேசிப் பதிந்து அனுப்பினார்: இங்கே ஒரே புழுதிக் காற்று, கடலில் இருக்கிற படகுகள் ஒதுங்கி நிற்கின்றன, அண்ணன் வந்ததும் பேசுவார், பயப்படாதீர்கள் என்று. சவுதியில் புழுதி என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போனைப் பிடித்துக்கொண்டு, "சவுதி புழுதிக் காத்து" என்று வாயாலேயே கேட்டேன். முதலில் வீடியோக்கள் வந்தன. பட்டப்பகலில் விளக்கு போட்டுக்கொண்டு கார்கள் ஊர்ந்தன. ஒரு வீடியோவின் ஓரத்தில் மேலேயிருந்து எடுத்த படம் ஒன்று ஓடி மறைந்தது. நீலக் கடல்மேல் யாரோ கேழ்வரகு மாவைக் கொட்டி ஊதிவிட்டது போல இருந்தது. அந்தப் படத்தைத் தேடித் தேடித்தான் இந்த இன்டர்நெட் பக்கங்களுக்குள் போனேன்.

படிக்க யாரும் சொல்லித்தரவில்லை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஆனால் நிறத்துக்கு என்ன பாஷை? ஒருவகைப் படம் பகலில் மட்டும் வரும், நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே இருக்கும். இன்னொரு வகையில் நிறத்தை மாற்றிப் போடுவார்கள். அதில் புழுதி ரோஸ் நிறத்தில் தெரியும், கனத்த மேகம் கருஞ்சிவப்பாகத் தெரியும். அது கால்மணிக்கு ஒரு படமாக இரவும் பகலும் வந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் புரிய எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயிற்று.

நான் பார்ப்பது சரிதானா என்று சோதிக்க எங்கள் ஊரையே வைத்துக்கொண்டேன். அறுப்பு முடிந்ததும் காட்டூர்ப் பக்கத்து வயல்களில் நெல் தாளைக் கொளுத்துவார்கள். படத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் விழும். புள்ளியிலிருந்து வெளுத்த வால் ஒன்று கிளம்பும், கிளம்புகிற இடத்தில் ஒல்லியாக இருந்து போகப்போக அகலும். வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ, காற்று அந்தப் பக்கம் போகிறது என்று அர்த்தம். வெளியே வந்து மூக்கால் இழுத்துப் பார்ப்பேன். படம் சொன்னது சரியாக இருந்தால் சாயங்காலம் துறையில் நாலு பேராவது இருமுவார்கள். நண்டு விற்கிற அக்கா, என் பக்கத்து வீட்டுக்காரி, இதைப் பார்த்துவிட்டு, "ஏன்டி, மேலேருந்து ஒருத்தன் நம்ம ஊட்டு கருவாட்ட எண்ணிக்கினு கீறான், நீ அவன எண்ணிக்கினு கீற" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான் வாய்.

புகையைக் கற்றுக்கொண்ட பிறகு புழுதி சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. புகைக்கு ஒரு முனை இருக்கும், இங்கேதான் பற்றியது என்று விரல் வைத்துக் காட்டலாம். புழுதிக்கு முனை கிடையாது. நிலம் முழுக்க எழுந்து நடக்கும். கோடையில் எங்கள் ஏரியின் வடக்குப் பக்கம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும்போது அங்கேயும் இப்படித் தூசி எழும், ஆனால் அது குழந்தை. அவர் பக்கம் வருவது, வடக்கே ஈராக், குவைத்தில் கிளம்பி, கரையோரமாகவே இறங்கி, அவர் இருக்கும் ஊரைத் தாண்டிக் கடலுக்குள் போகும். படத்தில் ரோஸ் நிறம் அவர் கரையை மூடினால், அன்றைக்கு அவர் கடலில் இருக்கிறாரா அறையில் இருக்கிறாரா என்று நினைத்தபடியே ஐஸ் உடைப்பேன். உளி தவறி விரலில் பட்டதும் உண்டு.

அவர் பேசும்போது இதையெல்லாம் சொல்வேன். நேற்று உங்கள் ஊருக்கு மேலே நல்ல புழுதி, இன்றைக்கு விலகிவிட்டது, என்பேன். எப்படிப் பார்ப்பது, எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று விலாவாரியாகச் சொல்வேன். "ம்" என்பார். அவர் ஏரியில் வளர்ந்த ஆள், வார்த்தையைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்.

இப்போது எங்கள் ஏரியின் பாடு முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதற்குப் பிறகு நடந்தது புரியாது. எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஓடாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் ஓட்டம் நன்றாக இருக்கும். அந்த இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு இருக்கிறவன் எங்கள் ஊர் ஆள். இல்லாதவன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவன்.

ஆனி மாதத்தில் கிராமம் கூடும். பாடு உள்ள ஒவ்வொரு ஆணும் தன் வலைக் கயிற்றில் ஒரு துண்டை எடுத்து வந்து, எல்லாரும் பார்க்கத் தன் கையால் ஒரு முடிச்சுப் போட்டு, மண்பானையில் போட வேண்டும். ஆளுக்கு ஆள் முடிச்சு மாறும். தலைவர் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுப்பார், எடுக்கிற வரிசைதான் பாட்டு வரிசை. வராத ஆளின் பழைய கயிற்றைக் கோயில் கொட்டகை மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவன் பாடு தூங்குகிறது என்று பேச்சு. மறுபடியும் வராவிட்டால் முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். காத்திருக்கிற அடுத்த ஆளுக்குப் பாடு போய்விடும். பொம்பளை முடிச்சுப் போட முடியாது. அவருடைய முடிச்சு எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட வரும், எத்தனை வலை சேர்ந்து பின்னியிருக்கிறோம். வந்து என்ன?

அவர் கயிறு ஏற்கெனவே ஒருமுறை தூங்கிவிட்டது. இந்த ஆனியில் வந்து முடிச்சுப் போடாவிட்டால் போய்விடும். போனால் பாடு மட்டுமா போகும்? பாடு இருக்கிற வரைக்கும் அவர் திரும்பி வருகிற ஆள். அது இல்லாமல் போனால், எதற்குத் திரும்பி வருவார் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். அதைக் கேட்டுக்கொள்ள எனக்குப் பயம்.

அவரும் வருகிறேன் என்றுதான் சொன்னார். முதலாளி லீவு கொடுத்துவிட்டார், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, கடைசியாக ஒருதரம் கடலுக்குப் போய்வந்ததும் தம்மாமில் பிளேன் ஏறிவிடுவேன் என்றார். நான் பாயை உதறிக் காயவைத்தேன். அவர் லுங்கிகளைத் துவைத்து மடித்து வைத்தேன். அக்கா பார்த்துவிட்டு, "மாப்ள வர்றாரா ஊட்டுக்கு?" என்று கேலி பண்ணினாள். வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

அவர் கடலுக்குப் போனதாகச் சொன்ன மறுநாளே வடக்கில் ரோஸ் நிறம் எழுந்தது. முதலில் ஒரு கைக்குட்டை அளவு. பிறகு புடவை அளவு. அது இறங்குகிற நேரத்தை வைத்துப் பார்த்தால் அவர் திரும்புகிற நேரமும் அதுவும் ஒன்றாக வந்து முட்டும் போலிருந்தது. பேசி அனுப்பினேன். சீக்கிரமாகக் கரைக்குப் போய்விடச் சொன்னேன். அது அவர் காதுக்குப் போகாது என்று தெரிந்தேதான் சொன்னேன். புழுதி வந்து கரையை மூடியது. பகல் படத்தில் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவிலிருந்த கோடே அழிந்து போயிற்று. அவர் போன் மணி அடிக்கவேயில்லை. டிக்கெட் நாள் வந்தது. போயிற்று. அவர் வரவில்லை.

கூட்டத்தன்று காலையில் துறையில் யாரும் என்னிடம் வாயைக் கொடுக்கவில்லை. ஐஸை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி போனார்கள். உமியை மூடிவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பொம்பளைகள் ஓரத்தில்தான் நிற்போம். பானை நடுவில் இருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக முடிச்சுப் போட்டுப் போட்டார்கள். தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. மூங்கிலில் தொங்கிய கயிற்றை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைத் தேடினார்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீரில் காற்று பிடித்து நிற்கிற ஆள் ஒருத்தன் இருந்தால் பானையில் கை வைக்கக் கூடாது. அவன் கரையேறுகிற வரைக்கும் பாட்டு இடங்களில் ஒருத்தரும் வலை கட்டக் கூடாது. அவன் முடிச்சையும் அந்த வருஷம் அவிழ்க்க மாட்டார்கள். ஆனால் அவன் காற்றில் மாட்டியதைக் கண்ணால் பார்த்தவர் ஒருத்தர் வந்து சொல்ல வேண்டும். அடுத்த படகில் இருந்தவன், கரையிலிருந்து பார்த்தவன், யாராவது.

நான் ஓரத்திலிருந்து நகர்ந்து முன்னால் போனேன். "அவர காத்து பிடிச்சிக்கிச்சி மாமா" என்றேன்.

அடுத்துக் காத்திருக்கிற ஆள் என் கொழுந்தனார், அவருடைய சித்தப்பா மகன். நல்ல பிள்ளை. பாடில்லாமல் அடுத்தவர் படகில் போய்க்கொண்டிருந்தான். அவன்தான் கேட்டான், மரியாதையாகவே கேட்டான்: "அண்ணி, எனக்கு அவசரம் இல்ல. ஆனா பாத்த ஆளு யாரு?"

"நான்தான்" என்று போனை எடுத்து நீட்டினேன்.

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. நிறைய பேருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல போட்டு எங்கம்மா கீது?" என்றார். போட் தெரியாது, புழுதிதான் தெரியும் என்றேன். "போட்டு தெரியாது, ஆளு தெரியாது, தூசி மட்டும் தெரியுது. என் ஊட்டு சன்னல்லயும் அதாம்மா தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நான்தான் முதலில் சிரித்து, அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன்.

தலைவர் சிரிக்கவில்லை. போனை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். காற்று எப்படித் தெரியும் என்று கேட்டார். முந்தின நாள் படத்தையும் அடுத்ததையும் அதற்கடுத்ததையும் மாற்றி மாற்றித் தள்ளிக் காட்டினேன். ரோஸ் நிறம் நகர்ந்தது. அவர் விரல் அதன்கூடவே மேலேயிருந்து கீழே வந்தது. நகத்துக்குள் கயிற்றுக் கறை. இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். காற்று பார்க்கத் தெரிந்த மனிதர், எங்கே பார்த்தாலும் அவருக்குக் காற்று காற்றுதான்.

"வடமேக்குலேர்ந்து வுடாம அடிக்குது" என்றார். "இதுல எவனும் போட்ட திருப்ப மாட்டான். பானைய மூடு."

பானை வாயில் துணியைக் கட்டினார்கள். கொழுந்தனார் எழுந்தான். தன் கயிற்றை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனான். அன்றைக்குப் பாட்டு இடங்களில் ஒரு வலையும் இறங்கவில்லை. இறால் ஓட்டம் நன்றாக இருந்த நேரம் வேறு. துறையில் உட்கார்ந்து, வெறுமனே கிடக்கிற ஏரியைப் பார்த்தேன். என் ஒருத்தி வாய்ச்சொல்லுக்காக ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அக்கா நாஸ்தா வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், கேலி கிண்டல் எதுவும் இல்லாமல். அதில்தான் எனக்குப் பயமே அதிகமாயிற்று. அவள் கேலி பண்ணவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

போன் மறுநாள் மத்தியானம் வந்தது. நான் வீட்டில் இருந்தேன்.

"இன்னாமே" என்றார்.

எங்கே இருக்கிறீர்கள், எப்போது கரையேறினீர்கள், சாப்பிட்டீர்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டேன். உயிரோடு குரல் வந்த சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கரையிலதான் கீறேன்."

"புழுதி வந்துச்சே."

"வந்துச்சி. ரூம்லதான் இருந்தோம். சன்னல்ல ஈரத்துணி போட்டுக்கினு."

சட்டென்று புரியவில்லை. புழுதி வரும்போது படகில் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். இந்தமுறை கடலுக்கே போகவில்லையாம். டிக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டாராம். அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போனை அணைத்து வைத்திருந்தாராம். முதலாளி புதிதாக ஒரு படகு இறக்குகிறார். அதற்கு இவரைத் தண்டலாகப் போடுகிறார். தண்டல் என்றால் படகை ஓட்டுகிற தலைமை ஆள். அவர் சொன்னால்தான் வலை இறங்கும், அவர் சொன்னால்தான் ஏறும்.

"அங்க வந்தா பானைகிட்ட நின்னு என் கயிறு எப்ப வரும்னு பாத்துக்கினு இருக்கணும்மே" என்றார். "இங்க என்ன கேட்டுத்தான் போட்டு திரும்புது."

இந்த மனிதருக்குத் தண்டல் என்கிற வார்த்தை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாதா? கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, பாடு இருந்தும் அடுத்தவர் குரலுக்கு வலை இழுத்தவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஊர்ல பானைய தெறக்காம வச்சிக்கிறாங்க" என்றேன். "காத்து பிடிச்சிக்கிச்சினு நான்தான் சொன்னேன். உங்களுக்கோசரம் ஒருத்தரும் வலை போடல."

அந்தப் பக்கம் ஏதோ மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "காத்துனே இருக்கட்டும்மே. இப்பதான் கரைக்கி வந்தேன்னு சொல்லு. கயிறு அப்டியே தூங்கட்டும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே ரோஸ் நிறம். அது பொய் சொல்லவில்லை. அங்கே காற்று அடித்தது, புழுதி வந்தது, படகுகள் மாட்டியிருக்கும். அதற்குள் அவரைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். எங்கள் ஊரில் ஒரு ஆளிடமிருந்து பேச்சு வரவில்லை என்றால் காற்று பிடித்திருக்கும் என்றுதான் நினைப்போம். வேறு காரணம் தோன்றாது. தண்ணீருக்குப் போகிற ஆளைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு எந்தக் காரணமும் தோன்றுவதில்லை. ஒரு அறையில், ஈரத்துணி போட்ட சன்னலுக்குப் பின்னால், போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் பேசாமல் உட்கார்ந்திருப்பான் என்று எந்தப் படத்திலும் தெரியாது.

அவர் சொன்னபடியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கயிறு தூங்கியிருக்கும், அவரும் திரும்பி வருகிற ஆளாகவே இருந்திருப்பார், எனக்காவது. ஆனால் என் பேச்சை நம்பி ஏரி வெறுமனே கிடந்தது. அதுவும்போக, நாளைக்கு நிஜமாகவே ஒருத்தன் காற்றில் மாட்டி, அவன் பெண்டாட்டி போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினால், அவள் பேச்சை யார் நம்புவார்கள்? இதை யோசித்து யோசித்து, செருப்பைக்கூடப் போடாமல் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"அவரு கரையிலதான் இருந்தாராம் மாமா. காத்து பிடிக்கல."

தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "நல்லாகீறானா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். தண்டல் ஆகிவிட்டார் என்றும் சொன்னேன், அதையும் ஊர் தெரிந்துகொள்ளட்டுமே என்று. "கெட்டிக்காரன்" என்றார். சாப்பாட்டை முடித்து, கை கழுவி, ஆளனுப்பினார்.

அன்று சாயங்காலமே கிராமம் கூடிற்று. மூங்கிலிலிருந்து கயிற்றை இறக்கினார்கள். உப்புக் காற்றில் கிடந்து முடிச்சு இறுகிப் போயிருந்தது. தலைவர் நகத்தால் நெம்பிப் பார்த்தார், வரவில்லை. இன்னொருவர் முயன்றார். அறுத்துவிடலாம் என்று யாரோ கத்தியை எடுத்தார். அறுக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும் என்றார் தலைவர். பிறகு தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பி, "நீ அவுக்கிறியாம்மா?" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன். முடிச்சில் எச்சில் தொட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினேன். என் வீட்டுக்காரர் கடைசிச் சுற்றை எப்போதும் இடது பக்கமாக உள்ளே செருகுவார். அது எங்கே இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். அதைத் தள்ளிவிட்டதும் மீதி தானாக விட்டுக்கொடுத்தது. கிழவர் உட்பட எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிறு நீளமாகி என் கையில் கிடந்தது, முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சுருண்டுகொண்டு.

கொழுந்தனார் தன் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பானையில் போட்டான். போகும்போது என் பக்கத்தில் நின்று, "கோவமா அண்ணி?" என்றான். "போய் வலையப் பாருடா" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் சொல்லியிருப்பாள். புதுப் படகைப் பற்றிச் சொன்னார். வருகிற தேதி எதையும் சொல்லவில்லை. காயவைத்த பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன். லுங்கிகள் மட்டும் மடித்த வாக்கிலேயே இருந்தன, எடுத்து வைக்க மனம் வரவில்லை.

காலையில் ஐஸ் லாரி போனதும் அந்தக் கரையைப் பார்ப்பதை நான் விடவில்லை. "இன்னும் இன்னாடி பாக்கற அதுல?" என்று அக்கா கேட்டாள். புழுதியைத்தான் பார்க்கிறேன் என்றேன். அவர் ஊரில் இப்போது யாருக்காவது தும்மல் வருமா என்று தெரிந்துகொள்கிறேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

தை கழிந்து, காட்டூர்ப் பக்கம் தாள் கொளுத்துகிற நாட்கள் வந்தன. துறையில் எல்லாருக்கும் கண் எரிந்தது. ஒரு சாயங்காலம் அவர் போன் வந்தது. எடுத்ததும், "இருமல் கீதா உனக்கு?" என்று கேட்டார்.

லேசாக இருக்கிறது, உங்களுக்கு யார் சொன்னது என்றேன்.

"ரெண்டு நாளா காட்டூர் பக்கம் செவப்பு செவப்பா புள்ளி வுழுது. வாலு நம்ம பக்கம்தான் வந்துச்சி."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அத்தனை காலம் "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர். போனில் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நான் சொன்ன அதே பக்கம்தானாம். கடலுக்குப் போகாத நாட்களில் பார்ப்பாராம். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

"இன்னிக்கி காலீலேர்ந்து தேடறேன், நம்ம ஊரே இல்லமே" என்றார். "கருப்பா ஒரு பட்டை போவுது. ஏரிமேலயே."

எனக்கு அந்தப் பட்டை தெரியும். செயற்கைக்கோள் ஒருதரம் சுற்றும்போது பார்க்கிற இடத்துக்கும் அடுத்த சுற்றில் பார்க்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு சந்து விழும். சில நாள் எங்கள் ஊர் அந்தச் சந்துக்குள் போய்விடும். ஒன்றும் ஆகவில்லை, அது பார்க்காமல் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான் என்றேன்.

"நாளைக்கி தெரியுமா?"

"தெரியும். இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி வரும்" என்றேன்.

"ம்" என்றார். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுவது கேட்டுக்கொண்டிருந்தது.